ஆண்டவருடைய கோழி

மழையில் உப்பு கரைகிறது. பாத்தி பாத்தியாக, சத்தமில்லாமல், வெள்ளை எல்லாம் தண்ணீராகப் போகிறது.

மழைக்காகக் கோயிலில் நன்றி சொல்கிறார்கள். உப்பளத்தில் கூலிக்குப் போகிற நாங்களும் ஆமென் சொல்கிறோம். சொல்லாமல் இருக்க முடியுமா? மழை வந்தால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் உலை இல்லை.

ஈஸ்டர் முடிந்த வெயிலில் என் மகள் கெசியாளுக்கு ஓய்வுநாள் பள்ளியில் ஐம்பது ரூபாய் கொடுத்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். தாலந்துப் பணம், வேதக் கதையில் எஜமான் ஊழியர்களிடம் விட்டுப்போன காசு மாதிரி. புதைத்து வைக்காமல் பெருக்கிக் காட்டுங்கள் என்றார் ஜெபக்கனி டீச்சர். பெருகியதைத் தோத்திரப் பண்டிகையில் ஆண்டவருக்குப் படைக்க வேண்டும்.

ஒன்பது வயதுப் பிள்ளை. ஒரு கோழிக்குஞ்சு வாங்கினாள்.

வெயிலில் வளர்ந்தது. மேகம் கறுத்தபோது முட்டையிட்டது. பண்டிகை வரைக்கும் முட்டைக் காசு வளர்த்தவர்களுக்குக் கூலி என்று டீச்சரிடம் கேட்டு வந்திருந்தாள். அதிலும் பத்தில் ஒன்றை முதலில் எடுத்து ஆண்டவர் டப்பாவில் போடுவாள். அப்புறம் தீவனம். மிச்சம் என் கையில்.

அந்த மிச்சத்தில்தான் அரிசி வாங்கினேன். மழை நிற்கவில்லை. அந்த ஐப்பசியில் எங்கள் வீட்டில் சம்பாதித்தது அந்தக் கோழி ஒன்றுதான்.

கோழியைப் படைக்க வேண்டிய பண்டிகை நெருங்கியது. "மழை முடியட்டும்டி, வேற கோழி வாங்கிக் குடுப்போம்" என்று கெஞ்சினேன். பெற்ற மகளிடம் கெஞ்சினேன்.

"எம்மா, கோழி நம்மது இல்லல்லா" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் என்னைக் கொன்றது.

மழை. கோயில் முற்றத்தில் பந்தல். ஏலம். படைத்த எலுமிச்சை, பூசணி, வாழைத்தார், கடைசியில் எங்கள் கோழி.

கேள்வி முந்நூறில் நின்றபோது பின்னாலிருந்து ஒரு குரல். "நானூறு." என் வீட்டுக்காரர் ஏசுவடியான். சட்டைப்பையில் பீடிக்குக்கூடக் காசில்லாத மனுஷன். கிறிஸ்துமஸுக்குள் கட்டினால் போதும் என்ற தைரியம். கோழியை விட மனசில்லை அவருக்கு.

பக்தி என்று நினைத்தார்கள். கை தட்டினார்கள். அரிசிக்கடை அண்ணாச்சியும் ஏற்றினார். ஆண்டவர் காரியத்தில் பின்வாங்கினார் என்று பேச்சு வந்துவிடக் கூடாதே. ஐந்நூறு. எழுநூறு. தொள்ளாயிரம்.

ஆயிரத்து இருநூறுக்குக் கோழி எங்களுக்கு வந்தது. கடன்தான். ஆனாலும் கோழி வந்தது. நான் மூச்சு விட்டேன்.

ஏலம் எடுத்ததை மறுபடியும் ஆண்டவருக்கே கொடுத்துவிடுகிற வழக்கம் எங்கள் சபையில் உண்டு. கொடுத்ததைத் திரும்பவும் ஏலம் விடுவார்கள். அதுதான் உயர்ந்த காணிக்கை என்று டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

கெசியாள் அப்பா கையிலிருந்து கோழியை வாங்கினாள். நாங்கள் வாய் திறப்பதற்குள் முன்னால் போய் மேசை மேல் வைத்துவிட்டாள். முகமெல்லாம் வெளிச்சம்.

பந்தலே கை தட்டியது. அவரும் தட்டினார். வேறு என்ன செய்வார்?

இரண்டாம் முறை அண்ணாச்சி முந்நூறுக்கு எடுத்தார். எதிர்க் கேள்வி இல்லை.

நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தோம். கோழி இல்லை. ஆயிரத்து இருநூறு கடன். பாதி வழியில், "எம்மா, நான் சரியாத்தான செஞ்சேன்?" என்றாள். அவர்தான், "சரிதாம்ட்டி" என்றார்.

காலையில் பழக்கத்தில் கோழி முட்டையிடுகிற ஓலைப்பெட்டிக்குள் கை விட்டேன். வைக்கோலுக்கு அடியில் ஒரு முட்டை. கிளம்புவதற்கு முன் இட்டிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

விற்கவில்லை. அவித்தேன். மூன்றாக அறுத்தேன். உப்புத் தூவினேன். உப்புக்கு மட்டும் எங்கள் வீட்டில் பஞ்சமே கிடையாது.

கெசியாள் தன் பங்கிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளித் தட்டின் ஓரத்தில் வைத்தாள். பத்தில் ஒன்று.

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன்.

இன்னொரு சிட்டிகை உப்பை எடுத்து அந்தத் துணுக்கின் மேலும் தூவினேன். எங்கள் உப்பைத் தின்ற பிறகாவது ஆண்டவர் எங்களை நினைக்கட்டும்.

வெளியே மழை பெய்துகொண்டே இருந்தது. உப்பு கரைந்துகொண்டே இருந்தது.