திரையில் நின்ற கை

எங்கள் வீட்டு மோடத்துக்கு என்னைக் கண்டால் ஆகாது. என் கணவர் பஸ் ஓட்டிவிட்டு வந்து, காலை நீட்டிக்கொண்டு பழைய பந்தாட்டம் ஏதாவது பார்ப்பார். அப்போதெல்லாம் அது சமர்த்தாக இருக்கும். நான் முகம் கழுவி, தலை சீவி, அக்காவுக்கு வீடியோ போட்டால் போதும், பச்சையாக எரிந்த விளக்கு சிவப்பாகிவிடும். சனியன், ஆள் பார்த்துத்தான் உயிரை வாங்குகிறது.

அது உட்கார்ந்திருப்பது வாசல் கதவை ஒட்டிய செருப்பு அலமாரியின் மேல். ஒயர் அதுவரைதான் எட்டும் என்று மாட்டியவன் சொல்லிவிட்டுப் போனான். உள்ளே தள்ளி உட்கார்ந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். அதனால் போனை அந்தப் பெட்டிமேலேயே சாய்த்து நிறுத்தி, எதிரே நாற்காலி போட்டு, செருப்பு நாற்றத்தை மோந்துகொண்டுதான் அக்காவைப் பார்ப்பேன்.

கம்பெனிக்குப் போன் போட்டால் ஒரு பையன் தேன் ஒழுகப் பேசுவான்.

"ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க மேடம்."

"அதைப் பண்ணிப் பண்ணி பட்டனே தேஞ்சு போச்சுப்பா."

"எங்க சைடுல எல்லாம் சரியாத்தான் காட்டுது மேடம்."

"அப்ப உங்க சைடுக்கே வந்து உக்காந்துக்கிறேன், அட்ரஸ் சொல்லு."

அவன் சிரிக்கமாட்டான். இந்த வாரமே புது மோடம் வந்துவிடும் என்பான். எந்த வாரம் என்பது அவனுக்கே வெளிச்சம்.

வீடியோ இல்லாவிட்டால் போனில் பேசுவதுதானே என்று மருந்துக்கடையில் என்னோடு வேலை செய்கிறவர்கள் கேட்பார்கள். என் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் வரவில்லை. அவளைப் பள்ளியில் சேர்த்ததே ரொம்பத் தாமதமாகத்தான். அதற்குள் நானும் அவளும் எங்களுக்கென்று ஒரு கைப்பேச்சு உண்டாக்கிவிட்டோம். சண்டை, கிண்டல், வசவு எல்லாம் அதில் உண்டு. எங்கள் அம்மாவுக்கே அதில் பாதி புரியாது. எழுத்து அவளுக்குக் கடைச் சாமான் எழுதுகிற அளவுக்குத்தான். "வந்தேன்", "சாப்பிட்டேன்", "மழை" என்று மெசேஜ் அனுப்புவாள். மனசில் இருப்பதைச் சொல்ல அவளுக்குக் கைதான் வேண்டும். தெருமுனைக்குப் போனால் போனிலேயே சிக்னல் கிடைக்கும், வாஸ்தவம். இரண்டு கையாலும் பேசும்போது போனை யார் பிடிப்பது?

இனி அவள் கை சொன்னதை வாய் சொன்னதுபோலவே எழுதிவிடுகிறேன். எனக்கு அது அப்படித்தான் கேட்கும்.

அவள் இருப்பது விமானம் ஏறிப் போகவேண்டிய தூரத்தில். அத்தான் போய்ச் சேர்ந்தபின் தனியாக, மாடியில் ஒரு சின்ன வீட்டில். மகள் வேறு ஊரில் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே விடுதியில் ஒரு கட்டில்தான் அவளுக்கு. லீவு கிடைக்கும்போது வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

இந்த லட்சணத்தில் அக்காவுக்குக் கண்ணும் போக ஆரம்பித்தது. காதோடு சேர்ந்து பிறந்த வியாதிதானாம், கண்ணை மெதுவாகத்தான் தொடுமாம். ஓரங்களிலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வரும். முதலில் ஒரு தட்டளவுக்குத் தெரிகிறது என்று கைகளை வளைத்துக் காட்டினாள். அப்புறம் டம்ளர் வாயளவு. திரையில் என் முகத்தைப் பார்த்தால் கை தெரியாது, கையைப் பார்த்தால் முகம் தெரியாது. நான் என்ன பேசினாலும் கையை ஒரே இடத்தில் வைத்துப் பேசு என்று திட்டுவாள்.

பார்வை போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு அம்மா அவளிடம் வந்துபோவார். அவர் சொன்னதை மகள் எனக்குச் சொன்னாள். "கடைசிவரைக்கும் எந்த வீட்டுல இருக்கப் போறாங்களோ அதை இப்பவே முடிவு பண்ணணுமாம் சித்தி. கண்ணு இருக்கும்போதே அந்த வீட்டைப் பாத்துப் பாத்து மனசுல ஏத்திக்கணும். காதும் இல்லாம கண்ணும் இல்லாம புது வீட்டுக்குப் போனா, எழுந்து தண்ணி குடிக்கக்கூட யாராவது வேணும்னு சொல்றாங்க."

அன்றைக்கே நான் முடிவு பண்ணிவிட்டேன். அவள் எங்களோடுதான். பின்னறையில் அடைந்து கிடந்த பழைய சாமானை எல்லாம் அள்ளிப் போட்டேன். கதவுச் சட்டங்களுக்கு அடர்நீலம் அடித்துக் கொடுத்தார் என் கணவர், குறைந்த பார்வைக்கும் பளிச்சென்று தெரியட்டும் என்று. ஆனால் அக்காவிடம் மட்டும் கேட்கவில்லை.

"கேட்டுட வேண்டியதுதானே, இன்னும் என்ன யோசனை?" என்றார் அவர்.

"அரையும் குறையுமா கேக்கிற விஷயமாங்க இது? அவ எடுத்த எடுப்புல மாட்டேன்பா. யாருக்கும் பாரமா இருக்கமாட்டேன்பா. ஒரு மணி நேரமாவது மல்லுக்கட்டணும். நடுவுல இந்தச் சனியன் புடுங்கிக்கிச்சுன்னா, பரிதாபப்பட்டுக் கூப்பிட்டேன்னு நெனச்சுக்குவா. புது மோடம் வரட்டும்."

புது மோடம் வரட்டும், புது மோடம் வரட்டும் என்று ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். வாரம் போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லைன் அதிசயமாக நன்றாக இருந்தது. அக்கா கீழ்வீட்டுக்காரனை நடித்துக் காட்டினாள், அவன் தொப்பையைத் தூக்கிக்கொண்டு படியேறுவதை. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அதன்பின் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். முகம் மாறியது. இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவந்தாள். அப்படியே படம் நின்றுபோனது.

பெட்டியில் விளக்கு இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. சில நேரம் படம் நின்று தானாகவே வந்துவிடும். ஆஃப் பண்ணினால் மறுபடி உயிர் வர ஒரு யுகம் ஆகும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் முகம் கலவரமானதை என் கணவர் பார்த்துவிட்டார். நல்ல மனுஷன், அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். எழுந்து நேராகப் பட்டனை அமுக்க வந்தார். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தொடாதீங்க என்று உள்ளங்கையை அவருக்கு நேராக நீட்டினேன். அவர் நின்றது போனுக்குப் பின்னால்.

விளக்கு சிவப்பானது. அழைப்பு துண்டானது.

திரும்ப வந்ததும் மெசேஜ் போட்டேன். "நெட் போச்சு. என்ன சொல்ல வந்த?" ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது. "ஒன்றும் இல்லை."

அதற்கப்புறம் அக்கா மாறிவிட்டாள். கூப்பிட்டால் எடுப்பாள், கையை நாலு ஆட்டு ஆட்டிவிட்டு, கண் வலிக்கிறது என்று வைத்துவிடுவாள். அப்புறம் எடுப்பதும் குறைந்தது. "வேலை இருக்கு" என்று மெசேஜ் வரும். தனியாக இருக்கிறவளுக்கு என்ன அப்படித் தலைபோகிற வேலை? இந்த மோடத்தோடு மாரடித்து அலுத்துப்போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். என் கோபமெல்லாம் கம்பெனிப் பையன்மேல் போனது. ஒரு நாள் அவனை வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். கடையில் மாத்திரை வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பொறுமையாக, உங்கள் புகாரைப் பதிவு செய்துகொண்டேன் மேடம் என்றான்.

மாதக்கணக்கில் இழுத்தடித்து, கடைசியில் ஒருவழியாகப் புது மோடம் வந்தது. மாட்ட வந்தவர் ஒயரையும் மாற்றினார், வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. விளக்கெல்லாம் பச்சை. வீட்டுக்குள் எந்த மூலையில் நின்றாலும் படம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. நான் பின்னறைக்கே போய், நீலச் சட்டம் தெரிகிற மாதிரி உட்கார்ந்து, அக்காவைக் கூப்பிட்டேன். அறையைக் காட்டிக்கொண்டே கேட்டுவிடுவது என்று இருந்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் மகளிடமிருந்து போன் வந்தது.

"இனிமே வீடியோ போடாதீங்க சித்தி. அம்மாவுக்கு இப்ப ஸ்கிரீன் தெரியல. ஜன்னல் பக்கம் வெளிச்சமா இருக்குன்னு மட்டும் தெரியுது."

"இவ்வளவு சீக்கிரமாவா? ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்கதான் முடியாதுன்னு சொல்லிட்டீங்களே. அப்புறம் எதுக்குச் சொல்லித் தொல்லை பண்ணணும்னு அம்மா சொன்னா."

"நான் என்ன முடியாதுன்னேன்?"

"உங்ககூட வந்து இருக்கட்டுமான்னு கேட்டாளே. நீங்க கையை நீட்டி வேணாம்னீங்களாம். நீட்டின கையை எறக்கவே இல்லையாம். நீங்க அவ்வளவு தீர்மானமா சொல்லி அம்மா பாத்ததே இல்லையாம். உங்கமேல தப்பு சொல்லல சித்தி, உங்களுக்கும் ஆயிரம் இருக்கும்."

என் பக்கம் அவள் படம் நின்றபின்னும் அவள் பக்கம் என் படம் கொஞ்ச நேரம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவள் கேட்டு முடித்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்து என் கை மேலே போக, அங்கேயும் படம் நின்றிருக்கிறது. லைன் போய்விட்டால் திரையின் ஓரத்தில் சுற்றுமே ஒரு வட்டம், அது அவள் கண்ணுக்கு எட்டியிருக்காது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த உள்ளங்கை மட்டும்தான். நான் அனுப்பிய மெசேஜைச் சாக்குப்போக்கு என்று நினைத்திருப்பாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

கடையில் லீவு கேட்கவில்லை, போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மகள் கொடுத்துவைத்த சாவியைக் கீழ்வீட்டில் வாங்கிக்கொண்டு மேலே ஏறினேன். கதவைத் திறந்ததும் துணிப்பெட்டியை நடையிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். அக்கா ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் வந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? மெதுவாக அவள் மணிக்கட்டைத் தொட்டேன். தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு. பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். பிறந்ததிலிருந்தே கோணலான என் சுண்டுவிரலுக்கு வந்ததும் நிறுத்தினாள். என் கன்னத்தில் பளார் என்று ஒன்று வைத்தாள், உடனே கட்டிக்கொண்டாள்.

இப்போது அவளோடு பேச வேண்டுமென்றால் அவள் கைகள் என் கைகளின்மேல் இருக்க வேண்டும். நான் ஆட்டுவதைத் தொட்டே தெரிந்துகொள்வாள். மெதுவாகச் சொன்னேன். மோடம் கெட்டுப்போனது. படம் நின்றது. அந்தக் கை உனக்கில்லை, அவருக்கு. மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன். அவள் கைகள் அப்படியே என் கைமேல் கிடந்தன.

"நான் கேட்டது உனக்கு வரவே இல்லையா?"

"வரல. சத்தியமா வரல."

"வந்திருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"வான்னு சொல்லியிருப்பேன். நானே உன்னைக் கேக்கத்தான் இருந்தேன். அறையெல்லாம் ரெடி."

ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டாள். கதவு உள்ளே திறக்குமா வெளியேயா என்று கேட்டாள். குளியலறைக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டாள். நான் பரபரவென்று சொல்லிக்கொண்டே போனேன், சம்மதித்துவிட்டாள் என்று நினைத்தேன். முட்டாள். அவள் எதை இழந்தோம் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறாள்.

"நீ வேணாம்னு சொன்ன மறுநாள்லேர்ந்து இந்த வீட்டைப் படிக்க ஆரம்பிச்சேன்," என்றாள். "கண்ணு இருந்தவரைக்கும் இதைத்தான் பாத்தேன். அடுப்பு, கதவு, படி எல்லாம். கண்ணை மூடிக்கிட்டு நடந்து நடந்து பழகினேன். உன் வீட்டைப் பாக்க இப்ப கண்ணில்ல."

"நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். வேலைய விட்டுடறேன்."

"இங்க நான் நடக்கிறேன். அங்க வந்தா உக்காந்தே கெடப்பேன், நீ வந்து தூக்கறவரைக்கும்."

என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். கெஞ்சினேன். கடைசியில் அவள் கைகளை எடுத்துக்கொண்டாள். கையை எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது, அதற்குமேல் நான் எதைச் சொல்லியும் அவளுக்கு வராது. நான் சத்தம் போட்டு அழுதேன். கேட்பதற்குத்தான் யாருமில்லையே.

அவள் என் தலையைத் தடவிவிட்டு, டீ போடப்போவதாகக் காட்டிவிட்டு எழுந்தாள். சுவரைத் தொடவில்லை. மேஜையைச் சுற்றி, அலமாரிக்கும் நாற்காலிக்கும் நடுவே, விறுவிறுவென்று நடந்தாள். இப்படி நடக்கப் பழகிவிட்டாளே என்று நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே நடையில் நான் போட்டுவிட்டு வந்த பெட்டிமேல் தடுக்கிக் குப்புற விழுந்தாள்.

ஓடிப்போய்த் தூக்கினேன். உதட்டில் ரத்தம். அவள் அதைக் கவனிக்கவில்லை. தரையைத் தடவி, பெட்டியின் கைப்பிடியைக் கண்டுபிடித்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னோடதா?"

"ஆமா."

"சுவரோரமா வை," என்றாள். "நீ போறவரைக்கும் அதே எடத்துல இருக்கட்டும்."