மறுபடி ஏழு சொல் கேட்டாள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி எழுந்து போய், சுவரில் தொங்கிய தினசரி நாள்காட்டியிலிருந்து அன்றைய தாளைக் கிழித்து, நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அதில் என்ன எழுதியிருந்தது என்ற குடைச்சல் பல்வலியைவிட மோசமாக இருந்தது. கேட்கக் கூச்சம். மற்றதெல்லாம் நானாகக் கட்டியதுதான்.

2

'அச்சகத்தின் கூரைமேல் வெயில்...' வேண்டாம், வெயிலில் தொடங்கிய கதைகள் ஊர்ப்பட்டவை இருக்கின்றன.

'அவளுக்குச் சொற்கள் என்றால் உயிர்...' இது சுத்தப் பொய். அவளுக்குச் சொற்கள் சம்பள வேலை.

நேராகவே வருகிறேன். நாள்காட்டி அச்சிடும் இடத்தில் தேதிக்குக் கீழே போடும் வரிகளை எழுதுகிறவள் அவள். வாழ்க்கை, காதல், உழைப்பு, தனக்கு உண்மையாக இருத்தல். இந்த நான்கையும் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். ஏழு சொல்லுக்குமேல் போனால் தாளில் அடங்காது. அங்கே எல்லோரும் அவளை வரிக்காரம்மா என்பார்கள். 'நம்பாத ஒரு வரிய நான் எழுதினதே இல்ல' என்று வீட்டில் பீற்றிக்கொள்வாள். அது முக்கால்வாசி உண்மை.

(அடிக்குறிப்பு மாதிரி: அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. காதல் வரிகளுக்கு அது ஒரு தடையாக இருந்ததில்லை.)

3

மீதிக் கால்வாசி இங்கே வருகிறது. போன ஆண்டு, இந்த ஆண்டு நாள்காட்டி அச்சாகும்போது, எண்ணிக்கையில் ஒரு வரி குறைந்துபோனது. இயந்திரத்தை நிறுத்திவைத்துவிட்டு அச்சுக்காரர் கத்தினார்.

"வரிக்காரம்மா, ஒரு தேதி மொட்டையா நிக்குது! சட்டுனு ஒண்ணு குடுங்க."

டீ ஆறிக்கொண்டிருந்தது. நின்றபடியே சொன்னாள்: 'பொறுத்துப் போகிற மனம்தான் ஒரு வீட்டைத் தாங்கி நிற்கிறது.' எண்ணிப் பார்த்தால் சரியாக ஏழு. டீயைக் குடித்தாள், மறந்தாள்.

4

கைப்பைப் பெண்மணியை வரிக்காரம்மாவுடைய அக்காவாக்கிவிட்டேன். எக்ஸ்ரே எடுக்கிற வேலை. மூன்று வாரமாகத் தங்கை வீட்டில் இருக்கிறாள்.

அக்காவின் கணவரை எழுதத்தான் திண்டாடிப்போனேன். முதல் பிரதியில் அவர் குடித்தார், அடித்தார். அப்படி எழுதினால் உங்களுக்கும் எனக்கும் வேலை சுலபம் [அந்த வரிகளை அடித்துவிட்டேன்]. அவர் கையை ஓங்காதவர். கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். கடைசித் தடவை நாற்பத்தொரு நாள். நாற்பத்திரண்டாம் நாள் அக்கா எக்ஸ்ரே அறையில் ஒரு நோயாளியிடம் "மூச்ச அடக்குங்க" என்று சொல்லிவிட்டு, "விடுங்க" என்று சொல்ல மறந்து நின்றாள். அன்று மாலையே பெட்டியோடு தங்கை வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இந்த மூன்று வாரத்தில் 'போ' என்றோ 'இரு' என்றோ தங்கை வாயைத் திறக்கவில்லை. அக்காவின் வாழ்க்கை, அவள்தான் முடிவு செய்ய வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

5

பல் மருத்துவரிடமிருந்து வந்த அக்கா நேராகப் பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கினாள்.

"எங்கக்கா?"

"அவர் வீட்டுக்குத்தான்." தாளை நீட்டினாள். "வாயால சொல்ல உனக்கு மனசு வரல. எழுத்துல சொல்லிட்ட. நம்பாதத நீ எழுத மாட்டியேடி!"

தங்கை வாங்கிப் பார்த்தாள்: பொறுத்துப் போகிற மனம், டீ ஆறும்போது சொன்ன அதே வரி.

இந்த இடத்தில் ஒரு முடிவு தயாராக இருந்தது. அவள் தாளைக் கிழித்துப் போடுகிறாள், அக்கா அழுகிறாள், இருவரும்... போதும், எனக்கே கூச்சமாக இருக்கிறது. இன்னொன்றில் தங்கை மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறாள். அது நடக்கக்கூடியதுதான். ஆனால் நான் விடமாட்டேன்.

"அக்கா, அது ஆறு மாசம் முன்னாடியே அச்சாயிடுச்சு. நீ இங்க வரவே இல்ல அப்போ. இடத்த நிரப்பறதுக்காகச் சொன்னேன். அந்த வரிய நான் நம்பல. அன்னைக்கும் நம்பல."

சொல்லி முடித்தபோது காது சுட்டது. இத்தனை வருடப் பெருமை ஒரே மூச்சில் காலி. ஆனாலும் குரல் உடையவில்லை.

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். ஒரு புடவை மடியிலேயே கிடந்தது.

"சரி. இப்ப நீ நம்பற வரி ஒண்ணு சொல்லு. அதே ஏழு சொல்லு போதும். அதன்படி செய்யறேன்."

நாக்கு நுனிக்கு வரிகள் தள்ளுமுள்ளு போட்டுக்கொண்டு வந்தன. தொழில் அப்படி. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"தெரியலக்கா. நீ போனாலும் வந்தாலும் இந்தக் கட்டில் உனக்குத்தான். அவ்வளவுதான் எனக்கு நிச்சயமாத் தெரியும்."

அக்கா மடியில் கிடந்த புடவையைக் கையில் எடுத்தாள். பிறகு எழுந்தாள்.

6

அக்கா பெட்டியை மூடுகிறாளா, காலி செய்கிறாளா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே நன்றாக வந்தன, அதனால்தான் பயந்து தூக்கிப் போட்டேன். தங்கை அவ்வளவு சிரமப்பட்டு விழுங்கியதை நான் எழுதிக் கொடுத்தால், நானும் டீ ஆறுவதற்குள் வரி சொன்னவளாகிவிடுவேன். மாட்டேன்.

அக்கா என்ன செய்வாள் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிகிறதா? நல்லது. தயவுசெய்து அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.