பின் பேரிங்

வீட்டுக்குள் அண்ணனுக்கு உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். தம்பி கொட்டகையில் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். சாவு வீட்டில் ஸ்பேனர் பிடிக்கிற ஜென்மம் என்று மாமா முணுமுணுத்தது காதில் விழுந்தது. விழட்டும்.

முந்தைய நாள் மலைக்கு மரம் அளக்கப் போன அண்ணன், நெஞ்சு வலிக்கிறது, திரும்பி வருகிறேன் என்று அண்ணிக்கு போன் செய்தார். வந்து சேரவில்லை. ஓடையைத் தாண்டிய ஏற்றத்தில் ஜீப் நின்றிருந்தது. ஸ்டியரிங் மேல் சாய்ந்திருந்தார். அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். அண்ணன் உட்கார்ந்திருந்த இருக்கையில் உட்கார யாருக்கும் மனம் வராமல், ஜீப்பின் முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டி இழுத்து வந்தார்கள். டாக்டர் சொன்ன அரை மணியைத்தான் தம்பி இப்போது அதன் அடியில் தேடிக்கொண்டிருந்தான்.

நான்கு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் போன வருடம் ஏற்றத்தில் திணறியது. அண்ணனுக்குச் செயின் வைத்த லேசான கேஸ் மேல் ஆசை. தம்பிதான் ஒற்றைக்காலில் நின்று, முழுக்கப் பல்சக்கரமாக உள்ள கனத்த இரும்பு கேஸை ஒரு பழைய லாரியிலிருந்து கழற்றி வந்து பூட்டினான். அதன் பின் பேரிங் மட்டும் தேய்ந்திருந்தது. புதியது கிடைக்கவில்லை, அண்ணனுக்கோ அவசரம். பழையதையே போட்டு மூடிவிட்டு, மாற்றிவிட்டேன் என்று வாய் கூசாமல் சொன்னான். அது உடைந்துதான் வண்டி ஏற்றத்தில் நின்றுவிட்டதோ?

ஆயிலை உள்ளங்கையில் பிடித்துத் தேய்த்துப் பார்த்தான். இரும்புத்தூள் இல்லை. கேஸின் பின்மூடியைக் கழற்றினான். பேரிங் புத்தம் புதிதாக இருந்தது. அவன் போட்டது அல்ல. பல்சக்கரங்களில் ஒரு கீறல்கூட இல்லை.

வண்டி கைவிடவில்லை. இந்த நேரத்தில் நிம்மதியா என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிம்மதியாகத்தான் இருந்தது.

வெளியே தவழ்ந்து வந்தபோது அண்ணி நின்றிருந்தாள்.

"வண்டியில கோளாறா?"

"இல்ல அண்ணி, வண்டி நல்லாருக்கு. ஆனா அந்த பேரிங்க நான் மாத்தல. மாத்திட்டேன்னு பொய் சொன்னேன்."

"தெரியும். மழைக்கு முன்னாடி ஒரு நாள் பூரா அவரே அடியில கெடந்து மாத்துனாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. சொன்னா நீ மூஞ்சியத் தூக்கிட்டு பத்து நாள் இந்தப் பக்கமே வர மாட்டியாம்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. அண்ணியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

சவப்பெட்டி தூக்க ஒரு ஆள் குறைகிறது என்று வாசலிலிருந்து கூப்பிட்டார்கள். அவன் தன் கைகளைப் பார்த்தான். முழங்கை வரை கறுப்பு. அண்ணி தன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து நீட்டினாள்.