குமுதா அக்கா சொன்ன இரண்டு வாக்கியங்கள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கம்போங் மேடானில் எங்கள் ஃபிளாட் மாடிப்படியில், பக்கத்து வீட்டுக் குமுதா அக்கா என் மடியில் தலை வைத்துச் சொல்லிவிட்டுச் செத்துப்போனாள்.

தொடக்கம் ஒன்று: "வாசு தள்ளிட்டான்" என்றாள் அக்கா. (வாசு அவள் கணவன். போலீசிடமும் இதைத்தான் சொன்னேன்.)

தொடக்கம் இரண்டு: அக்காவின் தலையிலிருந்து வழிந்த ரத்தம் என் பாவாடையில் (வேண்டாம்.)

பதினாறு வயதில், படிவம் நான்கோடு பள்ளியை விட்டவள் நான். ஆட்களிடம் பேச வராது, எழுத வரும். அரிசி டின்னுக்குப் பின்னால் ஒன்பது நோட்டுகள் இருப்பது அம்மாவுக்குத் தெரியாது. இது பத்தாவது.

2

அரசுத் தரப்பு வழக்கறிஞர் ராஜினி மேடம் என்னையும் அம்மாவையும் ஷா ஆலாமில் இருக்கும் தன் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்.

"இன்னொருத்தர் சொல்லிக் கேட்டேன்னு சாட்சி சொன்னா, பொதுவா கோர்ட்ல எடுக்க மாட்டாங்கமா. ஆனா செத்தவங்க, தான் எப்படிச் செத்தேன்னு சொல்லியிருந்தா எடுப்பாங்க. அவங்கள மறுபடி கூப்பிட்டுக் கேக்க முடியாதுலா."

"இவளா, கோர்ட்லயா?" என்றாள் அம்மா. "வீட்டுக்கு ஆள் வந்தாலே பாத்ரூம்ல போய் ஒளிஞ்சுக்கும் மேடம், இந்த ஊமைக்கோட்டான்."

"பேசுவா லா" என்ற மேடம் என் பக்கம் திரும்பினார். "கூடவும் வேணாம், குறையவும் வேணாம். அக்கா சொன்னது அந்த ஒரு வாக்கியம்தானே?"

தலையாட்டினேன்.

(தலையாட்டுவதும் சொன்னதற்குச் சமம்தான் என்று மேடம் சிரித்தார்.)

3

அக்கா இரண்டு வாக்கியங்கள் சொன்னாள். முதலாவதை இதுவரை எங்கும் எழுதவில்லை.

"தட்டினேனே, ஏன்மா தொறக்கல?"

நான் உள்ளேதான் இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நடந்த சண்டையை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டிருந்தேன். தட்டுவது நின்று, ஏதோ உருண்ட சத்தம் கேட்ட பிறகுதான் கதவைத் திறந்தேன்.

அதை எழுதிய ஒன்பதாவது நோட்டை நேற்றுதான் மறுபடி எடுத்துப் பார்த்தேன். கடைசி வரி, என் கையெழுத்து:

"அவள் கதவைத் தட்டுகிறாள். மூன்று முறை. நல்ல திருப்பம்."

நல்ல திருப்பமாம்! நோட்டைத் தூக்கி எறிந்தேன். பிறகு நானே போய் எடுத்தேன்.

4

முடிவு அ: கூண்டில் ஒரே வாக்கியம் சொல்கிறேன். வாசுவின் வக்கீல் எப்படியோ நோட்டைப் பற்றித் தெரிந்துகொள்கிறார். எல்லாமே இந்தப் பெண் கட்டிய கதை என்கிறார். வாசு வீட்டுக்குப் போகிறான்.

முடிவு ஆ: இரண்டையும் சொல்கிறேன். முன்வரிசையில் அக்காவின் அம்மா நல்லம்மாள் ஆன்டி. நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். அவர் முகம்

(இந்த வாக்கியத்தை ஆறு முறை தொடங்கிவிட்டேன்.)

இப்போது காலை ஏழு மணி. ஒன்பதுக்குக் கோர்ட். மேடத்திடமிருந்து வாட்ஸ்அப்: "ரெடியாமா? அந்த ஒரு வாக்கியம் ஞாபகம் இருக்குல்ல?"

"ரெண்டு, மேடம்" என்று அடித்துவிட்டேன். அனுப்பும் பொத்தானை இன்னும் அழுத்தவில்லை.

ஃபோனை இந்தப் பக்கத்தின் மேல் வைக்கிறேன். அனுப்புவதா அழிப்பதா, நீங்களே செய்துவிடுங்கள். நான் பார்க்கவில்லை.