பெட்டிக்குள் மழை

படம் முடிந்த பிறகு திரையில் வருவதைத்தான் லூர்துராஜ் படம் என்று நினைத்தான். அதற்கு முன்னால் வருவதெல்லாம் அவனுக்குக் குமட்டல். ஜிகினாக் கிரீடம் வைத்த சாமிகள், தும்மினால் ஒரு பாட்டு, ஆணி தெரியத் தொங்கும் அட்டை மேகம். ஏலாக்குறிச்சியிலிருந்து கிளம்பி வந்து, சின்னதுரையின் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக மாட்டிக்கொண்டு, இந்தக் கண்றாவியைத் தினம் இரண்டு ஆட்டம் ஓட்டிக்கொண்டிருந்தான். ஆனால் ரீல் தீர்ந்து வெறும் கறுப்பு வால் ஓடும்போது, அதில் விழுந்த கீறல்கள் திரையில் வெள்ளை வெள்ளையாகத் துள்ளும். அதைப் பார்த்தால் அவனுக்கு மயிர்க்கூச்செறியும். யாரும் எழுதாத கதை, யாரும் ஆடாத ஆட்டம். ஜனங்கள் அந்நேரம் சுண்டல் வாங்கப் போயிருப்பார்கள்.

அப்படியொரு படத்தைத் தானே பண்ணிவிட வேண்டும், அதை ஒரு கொட்டகை ஜனம் எழுந்து போகாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவனுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் கொட்டகை அரியலூரிலிருந்து குன்னத்துக்குப் பெயர்ந்தது. அதற்குள் அவனிடம் ஒரு தகர டப்பா நிறையப் பிலிம் வால்கள் சேர்ந்திருந்தன. கேமரா கிடையாது, வாங்க வக்கும் கிடையாது. கருவேல முள்ளை எடுத்துக் கறுப்புப் பிலிமில் கட்டம் கட்டமாகக் கீறினான். ஒரு கட்டத்தில் இருந்த கோடு அடுத்த கட்டத்தில் மயிரளவு நகர்ந்தால்தான் திரையில் அது உயிரோடு ஓடும். கை நடுங்கினால் செத்துப்போகும். பிலிமின் ஓரத்தில் சத்தத்துக்கென்று ஒரு பட்டை உண்டு. அதையும் பிளேடால் கீறினான். மெஷினில் விட்டால் கொர் கொர்ரென்று ஒரு சத்தம் வந்தது. நடுநடுவே கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் வேண்டுமென்று சில துண்டுகளைச் சலவைச் சோடாவில் ஊறப்போட்டு, மேல்பூச்சை நகத்தால் வழித்தெடுத்தான். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பூச்சு அது. சளி மாதிரி கையோடு வந்தது.

"என்னடா நாத்தம், எலி கிலி செத்துக் கெடக்கா?" என்று சின்னதுரை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"பிலிம் ஊறுதுங்க மொதலாளி."

"ஊறட்டும் ஊறட்டும். அப்படியே தாளிச்சுச் சோத்துல ஊத்திக்க."

சொல்லிவிட்டு வெற்றிலை எச்சிலை மெஷின் ரூம் சுவரிலேயே பீய்ச்சினார். அந்தச் சுவரில் அவருடைய எச்சில் ஏற்கெனவே படை படையாகக் காய்ந்திருந்தது. நாற்றத்தைப் பற்றிப் பேச வந்த ஆளைப் பாருங்கள்.

முதலாளி திருச்சிக்குப் போன ஒரு நாள், முதல் ஆட்டத்தில், ரீல் மாற்றும் இடைவெளியில் லூர்துராஜ் தன்னுடையதை ஓட்டிவிட்டான். ஓடவிட்டு வெளியே வந்து ஜனங்களின் முகத்தைப் பார்த்தான். கீறல் விழுந்த பழைய பிரதி ஓடினால் எந்த ஊரிலும் "மழை பெய்யுது, கொடைய விரி!" என்று விசிலடிப்பார்கள். அந்த விசிலுக்கு மனசைத் தயார்பண்ணித்தான் நின்றான்.

விசில் வரவில்லை. குன்னத்தில் அந்த வருஷம் மழை என்ற சொல்லை வைத்து விளையாட யாருக்கும் தெம்பில்லை. வானத்தை நம்பிப் போட்ட பருத்தி முழங்கால் உயரத்தில் கருகி நின்றது, கேணியில் வாளி தரையைத் தட்டியது. தரை டிக்கெட்டில் ஒருவரும் அசையவில்லை. அப்புறம் இருட்டிலிருந்து ஒரு பெண் குரல், "மழ!" என்றது.

களையெடுக்கப் போகும் மருதாயியின் குரல் அது. ஆட்டம் முடிந்ததும் மெஷின் ரூம் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"தம்பி, அந்த மழைய இன்னொருவாட்டி விடுங்க."

"அது மழ இல்லக்கா. கோடு. முள்ளால கீறுனது."

"தவள கத்துச்சே?"

"பிளேடுக்கா, பிளேடு."

"மின்னல் வெட்டுச்சே?"

அவன் சலவைச் சோடா வரைக்கும் விளக்கினான். மிட்டாயை ஒளித்து வைத்துக்கொண்டு இல்லையென்று சொல்லும் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பொறுமையாகக் கேட்டாள். "சரி தம்பி. இப்ப மழைய விடுங்க" என்றாள்.

லூர்துராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோட்டைக் கோடாகப் பார்க்க ஒரு ஜென்மம் இல்லையா இந்த ஊரில்? அதைவிட அருவருப்பு, அவனே அதை மறுபடி போட்டுப் பார்த்தபோது கீறல் தெரியவில்லை, மழைதான் தெரிந்தது. ஒட்டிக்கொண்டுவிட்டது, சனியன்.

ஊர் திரும்பிய சின்னதுரைக்கு வியாபாரம் மூக்கில் வேர்த்தது. மறுநாளே மாட்டு வண்டியில் தட்டி கட்டி, தப்படித்து, 'மழைப் படம்' என்று ஊர் ஊராகக் கூவவிட்டார். திரைக்கு முன்னால் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார். அதுவும் போதவில்லை.

"சாமி இல்லாம மழ எப்படிடா பெய்யும்? கடேசில வருண பகவான் கையத் தூக்குறாப்ல ஒரு துண்டு ஒட்டு."

"மாட்டேங்க. அது கோடாவே இருக்கட்டும்."

"கோடாவது கீடாவது" என்று, பாக்குக் கறை படிந்த கையால் கத்தரியை எடுத்து, அவரே வெட்டி அவரே ஒட்டினார். ஏதோ ஒரு புராணப் படத்திலிருந்து பிய்த்த ஜிகினாக் கிரீடம். எதைப் பார்க்கப் பிடிக்காமல் லூர்துராஜ் முள்ளை எடுத்தானோ, அதுவே வந்து அவன் படத்தின் கடைசியில் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. அவன் கொல்லைப் பக்கம் போய் உமிழ்ந்துவிட்டு வந்தான்.

கூட்டம் அள்ளியது. பாடாலூர்ப் பக்கத்திலிருந்துகூட வண்டி கட்டி வந்தார்கள். திரையில் பெய்தது, வெளியே பெய்யவில்லை. ஐப்பசியும் சொட்டில்லாமல் போனது. அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. நாட்டாமை செல்லமுத்து ஆட்களோடு வந்து கொட்டகையின் டிக்கெட் கவுண்டர் முன்னால் நின்றார்.

"எங்க மழையப் புடிச்சுப் பொட்டிக்குள்ள அடைச்சுப்புட்டு, எங்ககிட்டயே டிக்கெட்டு போட்டுக் காட்டுறியாய்யா? அப்பறம் வெளிய எப்படிப் பெய்யும்?"

சின்னதுரை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. மழைப் படம் இருந்த டப்பாவைத் தானே எடுத்துவந்து நீட்டினார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. பண்ணுனது இவன்தான், மாதா கோயிலுக்குப் போற இந்த வேதக்காரப் பய." நேற்றுவரை சூடம் காட்டிய கை அது. அந்தக் கையைப் பார்க்கவே லூர்துராஜுக்குக் கூசியது.

"அய்யா, அது ஒண்ணே ஒண்ணுதாங்க. வேற பிரதி கெடையாது. கையால பண்ணுனதுங்க" என்று கும்பிட்டான்.

"எங்களுக்கும் மழ ஒண்ணுதான் தம்பி" என்றார் செல்லமுத்து. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மழை பொய்த்தால் வைக்கோலில் உருவம் கட்டி, கொடும்பாவி என்று தெருத்தெருவாக இழுத்துப்போய், செத்த வீடுபோல மாரடித்து அழுது, வறண்ட ஏரியில் வைத்துக் கொளுத்துவது அந்தப் பக்கத்து வழக்கம். அந்த வருஷம் வைக்கோல் மாட்டுக்கே இல்லை. பிலிமை உருவிக் கயிற்றில் முடிந்து, அதையே கொடும்பாவியாக இழுத்தார்கள். மருதாயிதான் முன்னால் நின்று ஒப்பாரி எடுத்தாள். பட்டப்பகலில், சரளைக் கல் மேல், கருவேல வேலியோரமாக, அவன் கட்டம் கட்டமாகக் கீறியதெல்லாம் சரசரவென்று தேய்ந்துகொண்டு போனது. லூர்துராஜ் பின்னாலேயே நடந்தான். மொத்த ஊரும் அவன் படத்தையே பார்த்துக்கொண்டு நடந்தது. யாரும் சுண்டல் வாங்கப் போகவில்லை.

ஏரியில் நெருப்பு வைத்ததும் பிலிம் புஸ்ஸென்று ஒரே மூச்சில் எரிந்துபோனது. ஒப்பாரியில் பாதி அடி பாக்கி இருந்தது. பெண்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். பிறகு கலைந்தார்கள். காற்றில் தோல் கருகிய நாற்றம் மட்டும் நின்றது.

திரும்பும் வழியில் வேலி முள்ளில் சாண் நீளத்துக்கு ஒரு துண்டு மாட்டியிருந்தது. எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தான். அவன் கோட்டின் மேல் தெருவும் கோடு போட்டிருந்தது. எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. தெரு போட்டது இன்னும் நன்றாக இருந்தது, அது அவனுக்குப் பொறுக்கவில்லை.

பின்னால் வந்த மருதாயி நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"குடுங்க தம்பி, பாப்போம்." வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெகுநேரம் பார்த்தாள். "மழ போயிருச்சு. வெறும் கோடுதான் தம்பி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தாள்.

அந்தச் சொல்லுக்காகத்தான் அவன் இத்தனை நாள் தவங்கிடந்தான். மறுபடியும் துண்டை வெயிலுக்கு நேரே தூக்கினான். அவனுக்கு மழை பெய்துகொண்டிருந்தது. வேலியோரமாகக் குந்தி வாந்தியெடுத்தான்.