எர்வேக்கு யார் ஜோடி

பதினோரு வாரக்கடைசி, பதினோரு ஊர். லிஸ்பன், டப்ளின், புடாபெஸ்ட், கிராக்கோவ் என்று நான் அனுப்பிய படங்களை எல்லாம் ஒஹையோவில் என் அம்மா அக்கம்பக்கத்துக்குக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தாள். நானோ டெலனியைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தேன். அந்த டெலனி எந்த ஊருக்கும் போகாதவள். இதைக் கேட்டால் யாருக்கும் சிரிப்புதான் வரும். எனக்கு வரவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே கல்லூரி. ஒரு பருவம் பிரான்ஸில் படிக்க வந்தவர்களில் எங்கள் இருவரையும் ரென் நகரத்தின் கடைசிப் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரே வீட்டில் தங்க வைத்தார்கள். வீட்டுக்காரர் எர்வே, ஓய்வுபெற்ற தபால்காரர். அவர் மனைவி ஒடீல் நூலகத்தில் வேலை பார்த்தாள். ஆளுக்கொரு மாடி அறை. வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பு முடிந்தால் டெலனியைத் தவிர நாங்கள் எட்டுப் பேர் முதுகுப்பையோடு நேராக ரயிலடிக்கோ விமான நிலையத்துக்கோ ஓடுவோம். ஞாயிறு சாயங்காலம் திரும்புவேன். கூடத்தில் நின்று “வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு மாடியேறிப் படுத்துவிடுவேன்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு அப்படி உள்ளே நுழைந்தபோது அடுக்களையில் மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டெலனி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். எர்வேக்கு மூச்சே முட்டியது.

“என்னாச்சு?” என்றேன்.

“அதுவா... அது பெரிய கதைம்மா. சொன்னா சிரிப்பு வராது, கூட இருந்து பாத்திருக்கணும்” என்றார் எர்வே, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அன்றைக்கு என் பையில் லிஸ்பனில் வாங்கிய முட்டைப் பணியாரம் ஒரு பெட்டி இருந்தது. கொடுக்கலாம் என்றுதான் வாங்கினேன். மாடிக்குப் போய் ஆறையும் நானே தின்று தீர்த்தேன்.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் எரிந்தது. நான் “மதாம், நீங்க” என்று மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்க, அவள் “ஒடீல், நீ உக்காரு, நான் கழுவுறேன்” என்கிறாள். சனிக்கிழமைச் சந்தைக்கு இருவரும் ஒரே கூடையின் ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு போகிறார்களாம். வீட்டு நாய் சாப்பாட்டு நேரத்தில் அவள் பாதத்தின்மேல்தான் படுக்கும். நாய்கூட அவள் கட்சி! அவளுடைய பிரெஞ்சும் தண்ணீர்போல் ஓட ஆரம்பித்துவிட்டது. என்னுடையது எட்டு நாட்டில் காப்பி வாங்கத்தான் உதவியது.

இந்த நேரத்தில்தான் பலே என்ற வட்டெறியும் ஆட்டம் வந்தது. அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டுக் கொல்லையிலும் ஆடுவது. ஐந்து மீட்டருக்கு அப்பால் தரையில் ஒரு மரப்பலகை. அதில் ஒரு சின்ன இரும்பு வட்டு. அதற்கு எவ்வளவு நெருக்கமாக உன் வட்டை எறிகிறாயோ அவ்வளவு நல்லது. பலகையை விட்டு வெளியே போனால் அந்த வட்டு செத்தது. பன்னிரண்டு புள்ளி எடுத்தால் வெற்றி. இரண்டு மாதமாக எர்வே இதை டெலனிக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரில் ஜோடிப் போட்டி. எர்வேயோடு இருபது வருஷமாக ஆடிய லோயிக் தோளில் அறுவை செய்துகொண்டு படுத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டில் எர்வே அறிவித்தார். “இந்த வருஷம் எனக்கு ஜோடி டெலனி.”

டெலனி முகம் சிவந்து, “ஐயோ, நான் உன் மானத்தை வாங்கப் போறேன்” என்றாள். எனக்குக் கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

எறிவது என் குடும்பத்துத் தொழில் மாதிரி. சாய்த்து வைத்த பலகையின் ஓட்டைக்குள் சோளப்பையை எறியும் கார்ன்ஹோலில், பதினைந்து வயதில், என் சித்தப்பாக்கள் அத்தனை பேரையும் மண்ணைக் கவ்வ வைத்தவள் நான். மாவட்டப் பொருட்காட்சியில் கோப்பை வாங்கியிருக்கிறேன். டெலனியோ சாவியை எறிந்தாலும் பிடிக்கத் தெரியாதவள். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். ஊரார் முன்னால் எர்வேயின் பக்கத்தில் ஒருத்தி நிற்கப் போகிறாள். அவள்தான் இந்த வீட்டுப் பெண். அது ஏன் அவளாக இருக்க வேண்டும்?

புதன்கிழமை சாயங்காலம் கொல்லைக்குப் போய், “நானும் ஒரு கை பாக்கட்டுமா?” என்றேன்.

முதல் வட்டு பலகையைத் தாண்டிச் செடிக்குள் போனது. இரண்டாவது ஓரத்தில் நின்றது. மூன்றாவதில் எடை கைக்குப் பிடிபட்டுவிட்டது. டெலனியைப் பன்னிரண்டுக்கு மூன்றில் சுருட்டினேன். எர்வேயைப் பன்னிரண்டுக்குப் பத்தில் ஜெயித்தேன். அவர் விசில் அடித்தார்.

“அடேயப்பா! எங்கேம்மா கத்துக்கிட்ட இதை?”

“எங்க ஊர்ல” என்றேன். அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

அவர் திரும்பி, “டெலனி, பாத்தியா அவ மணிக்கட்டை? வளைக்காம விடுறா பாரு. ஞாயித்துக்கிழமைக்குள்ள இதைக் கத்துக்கோ” என்றார்.

என் எதிரிக்கு என்னையே வாத்தியார் ஆக்கிவிட்டார்! டெலனி வாயெல்லாம் பல்லாக என் கையைப் பிடித்து, “சொல்லித் தர்றியாடி?” என்கிறாள். கன்னத்தில் ஒன்று விடலாமா என்றிருந்தது.

அவள் உள்ளே போன பிறகு வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “எர்வே, உங்ககூட நான் ஆடக் கூடாதா?”

“நீயா? உனக்குத்தான் சனி ஞாயிறுன்னா ஊர் உலகமெல்லாம் இருக்கே.”

“இந்த வாரம் எங்கயும் போகல.”

அவர் வட்டுகளைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தார். “வாக்குக் குடுத்துட்டேன் மார்னி. அவளா விட்டுக் குடுத்தா அது வேற. நான் எப்படிக் கேக்கறது?”

அவர் கேட்க வேண்டாம். நான் இருக்கிறேனே.

எங்கள் கூட்டம் அந்த மே தின விடுமுறையில் ஆம்ஸ்டர்டாம் போக ஓட்டுநரோடு வேன் பிடித்திருந்தது. என் இடம் இருந்தது. வியாழக்கிழமை காலையில் டெலனியின் அறைக் கதவைத் தட்டினேன். குரலில் தேனைத் தடவிக்கொண்டுதான் போனேன்.

“டெலனி, எனக்குப் பரீட்சைக்குப் படிக்கணும். ஆம்ஸ்டர்டாம் வேன்ல என் இடம் சும்மாக் கிடக்கு. நீ போறியா? நீதான் பாவம், நாலு மாசமா எங்கயுமே போகலையே.”

அவள் கட்டிலில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தாள். ‘எனக்கு ஆட்டம் இருக்கே’ என்பாள், பேசிக் கரைக்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். அவள் கண் கலங்கிவிட்டது.

“நிஜமாவா கூப்பிடறே?”

“நிஜமாத்தான்.”

“நாலு மாசமா... ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யாராச்சும் ‘நீயும் வர்றியா’ன்னு கேப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்டி. ஒருத்தி கேக்கல. உன் படத்தையெல்லாம் பாத்துட்டு எப்படி எரியும் தெரியுமா எனக்கு? தனியா இந்த ரூம்ல உக்காந்திருந்தாப் பைத்தியம் பிடிக்கும்னுதான் கீழே போய் அவங்ககூட உக்கார ஆரம்பிச்சேன்.”

எனக்குச் சுருக்கென்றது. ஆமாம், நாங்கள் ஒருத்தரும் கேட்டதில்லை. அவளாக வருவாள் என்று நினைத்தோமா, அவள் நினைப்பே வரவில்லையா, எனக்குத் தெரியாது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சுருக்கைவிடச் சந்தோஷம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

“சரி, ஆட்டம்?” என்றேன் ஒன்றும் தெரியாதவள்போல்.

“அட, நீதான் என்னைவிட நல்லா ஆடறியே! நீ நில்லேன்” என்று சொல்லிக்கொண்டே அவள் படியிறங்கி ஓடினாள்.

எர்வேயிடம் ஆம்ஸ்டர்டாம் விஷயத்தைச் சொல்லிவிட்டு டெலனி கையைப் பிசைந்தாள். பிறகு அவர் எழுந்து அலமாரியிலிருந்து பழைய வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தார். எந்த வழி, எங்கே நிற்பார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று எல்லாம் கேட்டார். ஒடீல் ரொட்டிக்குள் பாலாடைக்கட்டி வைத்து நாலு பொட்டலம் கட்டினாள். வேன் நிற்கும் இடத்துக்கு எர்வேயே காரில் கொண்டு விட்டார். நான் பதினோரு முறை பேருந்துக்கு நடந்துதான் போயிருக்கிறேன்.

போகட்டும். இடம் எனக்குக் கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். ஊர் மன்றத்துக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் முப்பத்திரண்டு ஜோடிகள். சுட்ட சாசேஜைக் கருங்கோதுமைத் தோசையில் சுருட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கிக்காரர் எங்கள் முறை வந்ததும் கத்தினார். “ஏழாம் பலகை! எர்வே, டெலனி!”

நான் மேசைக்குப் போய், “என் பேரு மார்னி. மாத்திடுங்க” என்றேன்.

“பட்டியல் ஒட்டியாச்சும்மா. பேரா வட்டு எறியப் போகுது? போய் ஆடு” என்றார் மேசைக்காரர்.

முதல் ஆட்டம் ஜெயித்ததும் ஒரு கிழவர் வந்து கையைக் குலுக்கினார். “நீதானா அந்த அமெரிக்கப் பொண்ணு டெலனி!” நான் இல்லை என்றேன். இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் ஒரு அம்மாள் அதையே கேட்டாள். அவளிடமும் இல்லை என்றேன். மூன்றாவதாக வந்தவள் என்னை இறுகக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள்.

“எர்வே உன்னைப் பத்தி அவ்ளோ சொல்லியிருக்கான்! உங்கப்பா முழங்கால் இப்ப எப்படி இருக்கு கண்ணு?”

அந்த முத்தம் எவ்வளவு சூடாக இருந்தது! “இப்பப் பரவாயில்ல” என்று சொல்லிவிட்டேன். டெலனியின் அப்பாவுக்கு முழங்காலில் என்ன என்றுகூட எனக்குத் தெரியாது. ஒரே கல்லூரி, ஒரே வீடு, பக்கத்துப் பக்கத்து அறை.

ஆட்டத்துக்கு ஆட்டம் நடுவில் எர்வே போனை எடுத்து, டெலனி முந்தின நாள் அனுப்பிய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மார்னி, இங்க பாரேன், எவ்ளோ சைக்கிள்! இந்தப் பூவைப் பாரேன்! படகுல போனாளாம்!” ரிட்டயர்டு தபால்காரருக்குக் குழந்தைபோல் சந்தோஷம். அந்தப் படகில் போவதற்கு நான் பணம் கட்டியிருந்தேன். என் இடத்தில் அவள் இருந்தாள், அவள் இடத்தில் நான் இருந்தேன். ஆனாலும் எர்வே பார்த்துக்கொண்டிருந்தது அவளைத்தான்.

கோபத்தில் எறிந்தால் எனக்குக் கை நன்றாகவே வரும். கடைசி ஆட்டம் பதினொன்றுக்குப் பதினொன்று என்று நின்றது. எதிராளியின் வட்டு ஒரு விரல் தூரத்தில். என் கையில் கடைசி வட்டு. மணிக்கட்டை வளைக்காமல் விட்டேன். பலகையில் விழுந்து, வழுக்கி, சின்ன வட்டை ஒட்டி நின்றது. கூட்டம் “டெலனி! டெலனி!” என்று கூவியது. எர்வே என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். பரிசு, உப்பிட்டுப் பதப்படுத்திய ஒரு முழுப் பன்றித் தொடை. அதை என்னிடம் கொடுத்துப் படம் எடுத்தார். எடுத்த கையோடு டெலனிக்கு அனுப்பினார்.

திரும்பும்போது தொடையை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தேன். ஜெயித்த தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

“எர்வே, நான் ஊருக்குப் போறப்பல்லாம், வீட்ல என்னைப் பத்திப் பேசுவீங்களா?”

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

“வெள்ளிக்கிழமை ஒடீல் கேப்பா, மார்னி இந்த வாரம் எந்த நாடுன்னு. தெரியலம்பேன். நீதான் சொல்ல மாட்டியே.” கியரை மாற்றினார். “அப்புறம் சாப்பிட உக்காருவோம்.”

அவ்வளவுதான். குத்திக் காட்டவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். அவள் எத்தனை நாளாக என் இடத்தைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாள் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பிடுங்க அங்கே என் இடம் என்று ஒன்றும் இருந்ததே இல்லை. வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எட்டு மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, டெலனி வந்துவிட்டாள். மாடியேறவில்லை. பையைக் கூடத்தில் போட்டுவிட்டு நேரே அடுக்களைக்கு வந்து உட்கார்ந்தாள். எர்வே வரைபடத்தை மறுபடி விரித்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் விரல் சாலைமேல் போனது. அடுத்த வாரம் பிராக் நகரமாம், எங்கள் கூட்டம் அவளைக் கூப்பிட்டுவிட்டதாம். சொல்லி முடித்துவிட்டு மேசைமேல் இருந்த தொடையைப் பார்த்தாள்.

“ரெண்டு மாசமா நான் பழகின ஆட்டம்டி. என் பேரையே கூப்பிட்டாங்களாமே” என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இத்தனை நாளாக நான் அவளைப் பார்த்த பார்வை அது. பாவம் என்று தோன்றவில்லை, இனித்தது.

ஒடீல் கத்தியை எடுத்து முதல் துண்டை வெட்டி, “ஊர்லேருந்து வந்தவ பசியோட இருப்பா” என்று டெலனியின் தட்டில் வைத்தாள். அடுத்தது எர்வேக்கு. பிறகு தனக்கு ஒன்று வெட்டிக்கொண்டு கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

நான் நின்றுகொண்டே ஒரு தட்டை எடுத்து நீட்டினேன். “ஒடீல், எனக்கு?”

அவள் திடுக்கிட்டுப் போனாள். “அடக் கடவுளே! நீ சாப்பிடுவியா? ஞாயித்துக்கிழமை ராத்திரி நீ ஒண்ணும் சாப்பிட மாட்டேன்னுல்ல நெனச்சேன். நாலு மாசமா உனக்குச் சேத்துச் சமைக்கறதே இல்லையேம்மா!”

எர்வே எழுந்து எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒடீல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அவசரமாக ஒரு துண்டை வெட்டிப் போட்டாள். நல்ல துண்டுதான். ஆனால் டெலனிக்கு வைத்தது இதைவிடப் பெரிது. நான் பார்த்துவிட்டேன்.