கடைசி நாள் உப்பு

அமேசான் காட்டு உகயாலி ஆற்றங்கரையில் எண்பத்தெட்டு நாட்களாக உப்பில்லாமல் கிடந்தான் ரோனோ. உப்பு ஆகாது, இனிப்பு ஆகாது, பன்றிக்கறி ஆகாது, பெண்டாட்டி பக்கத்தில் படுப்பதும் ஆகாது. காட்டோரக் குடிசையில் தனியாக இருந்து, நாகலிங்க மரப்பட்டைக் கஷாயத்தைக் குடித்து, அந்த மரத்தோடு குடித்தனம் நடத்த வேண்டும். அப்போதுதான் அது நோய் தீர்க்கும் தன் பாட்டைச் சொல்லிக்கொடுக்கும். வைத்தியனாக ஆசைப்பட்டால் சும்மாவா? தொண்ணூறாம் நாள், கனவு காட்டும் காட்டுக்கொடிக் கஷாயம் குடித்து விரதத்தை முடித்துவிட்டால் வீடு திரும்பலாம். நடுவில் முறித்தால் மரம் விடாது, ஆளின் புத்தியை எடுத்துக்கொள்ளும். இதெல்லாம் அவன் மனைவி பெக்கோனுக்கு நன்றாகவே தெரியும். தினமும் அவித்த வாழைக்காயும் சப்பென்ற மீனும் கொண்டுபோனவள் அவள்தான்.

அவளுடைய அக்கா கேனா, இதே மரத்திடம் தேறிய வைத்தியக்காரி.

“என்ன மாப்ளே, காத்தடிச்சா ஆத்துல விழுந்துருவ போலிருக்கே! இன்னும் ரெண்டே நாளு. அந்த மரத்துக்காரி உன்னை விட்டதும் என் தங்கச்சிகிட்ட ஒப்படைச்சிடறேன்” என்று சீண்டினாள்.

ரோனோ சிரித்தான். ஆனால் தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டான். அவன் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போலிருந்தது பெக்கோனுக்கு. ஒரு சிட்டிகைதானே, முடியப்போகிற விரதம்தானே என்று மறுநாள் மீனில் உப்பைத் தூவினாள். பாவி மனசு!

முதல் வாயை ஆசையாக மென்று விழுங்கினான். இரண்டாவது வாயில் கை நின்றது.

“உப்புப் போட்டியா, புள்ள?”

“ஒரே ஒரு சிட்டிகைதான்யா. நீ சாப்பிட மாட்டேங்கிறியேன்னுதான்...”

அவன் திட்டவில்லை. தொண்டையில் விரலை விட்டு வாந்தியெடுத்தான். மதியத்துக்குள் உடம்பு உதறியது. ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டவனைப் பிரித்தெடுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. கேனா புகையிலைப் புகையை ஊதி ஊதி மூன்று நாள் பாடினாள். மருந்தகத்து நர்ஸ் கொடுத்த மாத்திரையில் தூங்கினான். புத்தி தெளியாமலே எழுந்தான்.

“எனக்குத் தெரிஞ்ச பாட்டெல்லாம் பாடியாச்சுடி. மரம் காது குடுக்கல.”

“தப்பு என்னுதுதானேக்கா? என்னை எடுத்துக்கச் சொல்லு.”

“உன்னை எதுக்குடி கேக்கப்போவுது? உன்கூடவா அது குடித்தனம் நடத்துச்சு?” கேனா மிச்சப் புகையிலையை முடிந்து வைத்தாள்.

பெக்கோன் குடிசைக்குப் போனாள். ரோனோ மரியாதையாக எழுந்து பாயை நகர்த்திப் போட்டான்.

“உக்காருங்கக்கா. எந்த ஊரு நீங்க?”

“நான் பெக்கோன்யா.”

“அட, என் பொண்டாட்டி பேரும் அதான். மூணு நாளா ஆளையே காணோம். பயந்துபோய் வீட்லயே கெடக்கா போல. வழியில பாத்தீங்கன்னா சொல்லுங்கக்கா, எனக்கு அவ மேல கோவமே இல்லேன்னு.”

“சொல்றேன்” என்றாள் பெக்கோன்.